ஒண்ணரை வருசமா வீட்ல புரொஜெக்டர் ஓட்டுதேன், வாங்கப் போறவங்க ஒருக்க வாசிச்சிட்டு வாங்குங்க

புரொஜெக்டர் பெட்டி மேல வெளிச்சம் 12,000 லூமன்ஸ்னு கை அகலத்துக்கு போட்டிருந்தாவ. அதே பெட்டிக்கு அடிப்பக்கம் எறும்பு வரிசை மாதிரி ஒரு எழுத்து, 400 ஆன்சி லூமன்ஸ்னு. நான் மேல உள்ளத மட்டும் வாசிச்சிட்டு பைசா கட்டிட்டேன். இப்ப ஒண்ணரை வருசம் ஓட்டின பொறவு அந்த அடி எழுத்துதான் நிசம்னு நல்லா மனசிலாயாச்சு, அதனால புரொஜெக்டர் வாங்கணும்னு கெடந்து துடிக்கறவங்களுக்காக இத எழுதுதேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், ஒரு சாயா எடுத்துட்டு உக்காருங்க.

எங்க வீடு தக்கலை பக்கம். அத்தான் ஷார்ஜால, வருசத்துக்கு ஒரு மாசம் லீவு. வீட்ல நான், மாமா, மாமி, பிள்ளைய ரெண்டு. ஒரு படத்துக்கு எல்லாரும் சேந்து நாகர்கோவில் போணும்னா டிக்கெட்டு, பஸ்சு, எடவேளைல பாப்கார்னு, ராத்திரி திரும்பி வர ஆட்டோனு போட்டு பாத்தா ஒரு மாச பால் பைசா போயிரும், அதும் போக மாமிக்கு முட்டு வலி, தியேட்டர் படி ஏற முடியாது, எறங்க அதவிட முடியாது. அப்பதான் 2024 மே மாசம் லீவுக்கு வந்த அத்தான், நீ ஒரு புரொஜெக்டர் வாங்கி போடு பிள்ளே, டிவிய விட பெரிசா தெரியும்னு சொல்லி பைசா குடுத்துட்டு அவிய பாட்டுக்கு ஃப்ளைட் ஏறிட்டாவ. மாட்டறது, சரி பண்றது, ரிப்பேரு எல்லாம் என் தலைல.

ஆன்லைன்ல 16,500 ரூவா. எல்.இ.டி லைட்டு, ஃபுல் எச்.டி, உள்ளயே ஆண்ட்ராய்டு, ஆட்டோ ஃபோக்கஸ், கோணலா விழற படத்த தானா நேராக்கற ஆட்டோ கீஸ்டோன், எல்லாம் உண்டு. வாங்கும்போ ஒரு விசயத்துல மட்டும் தப்பிச்சேன். நேட்டிவ்னு ஒரு சொல் இருக்கானு பாருன்னு அத்தான் போன்ல சொல்லியிருந்தாவ. "4கே சப்போர்ட்"னு போட்டிருந்தா 4கே சிக்னல உள்ள வாங்கிக்கிடும்னு மட்டுந்தான் அர்த்தம், காட்டறது உள்ள படத்த உண்டாக்கற பேனல்ல எத்தன புள்ளி இருக்கோ அவ்வளவுதான். நம்மளோடது நேட்டிவ் 1920க்கு 1080. இதவிட வெல கொறஞ்ச பெட்டியள்ல 1280க்கு 720 பேனல வச்சிட்டு 1080பி சப்போர்ட்னு விக்குதாவ, வாங்கினவங்க வீட்ல போயி பாத்தேன், எழுத்தெல்லாம் கொசகொசன்னு கெடக்கு.

கம்பெனி பேரு ஏன் போடலன்னு கேப்பிய. போட்டு பிரயோஜனம் இல்ல. இதே பெட்டி, இதே ரிமோட்டு, இதே மெனு, நாலஞ்சு பேருல விக்குது, ஸ்டிக்கர் மட்டுந்தான் வேற. நான் ஒரு பேர சொல்லி திட்டினா நீங்க அத விட்டுட்டு அதே சாமான இன்னொரு பேருல வாங்கிட்டு வருவிய.

செரி, வெளிச்சம். ஆன்சி லூமன்ங்கறது ஸ்கிரீன ஒம்பது கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துலயும் விழற வெளிச்சத்த அளந்து சராசரி எடுத்து பரப்பால பெருக்கற கணக்கு, அதனால அத நம்பலாம். பெட்டி மேல போட்டிருக்க 12,000க்கு ஒரு அளவுகோலும் கெடையாது, வாய்க்கு வந்தத போடுதாவ. டிஜிட்டல் தியேட்டர்ல வெள்ளை கலருக்கு வச்சிருக்க கணக்கு 48 நிட்ஸ், நிட்ஸ்னா ஸ்கிரீன் எவ்வளவு பளிச்சுன்னு இருக்குங்கற அளவு. 100 இஞ்ச் படம்னா 2.21 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உசரம், பரப்பு ரெண்டே முக்கா சதுர மீட்டர். 48அ அதால பெருக்கி திரும்ப 3.14ஆல பெருக்கினா 415 லூமன் வருது. நம்ம பெட்டி 400. அப்ப 100 இஞ்சுக்கு கும்மிருட்டுல தியேட்டர் அளவுக்கு வெளிச்சம் கெடைக்கும், செரியா இருக்கும். நான் என்ன செஞ்சேன், பெரிசா தெரியட்டும்னு 120 இஞ்சுக்கு இழுத்தேன், அதுக்கு கிட்டத்தட்ட 600 வேணும், படம் பூரா சாம்பல் கரைச்ச மாதிரி ஆயிட்டு. மாமி கண்ணாடிய கழட்டி முந்தானைல தொடச்சு தொடச்சு பாத்தாவ பாவம், கண்ணாடில ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு, பகல்ல பாக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதிய. சாதாரண டிவியே 250 நிட்ஸ் தாண்டி அடிக்கும், அதோட பக்கத்துல இந்த 48 எங்க நிக்கும். பொறவு, புரொஜெக்டரால கருப்ப அடிக்க முடியாதுல்லா, வெளிச்சத்த மட்டுந்தான் அடிக்கும், அப்ப படத்துல வர்ற கருப்புங்கறது உங்க செவரு அந்த நேரத்துல என்ன கலர்ல இருக்கோ அதாக்கும். ரூம்ல ட்யூப் லைட்டு எரிஞ்சா கருப்பு சட்ட போட்டவன் வெள்ளை சட்டைல வருவான்.

மொதல்ல மாடில போட்டோம். மொட்டமாடில தகர ஷீட்டு போட்ட எடம் ஒண்ணு இருக்கு, துணி காயப்போட, தேங்கா போட்டு வைக்க. எடம் விசாலமா இருக்கு, கீழ உள்ளவங்களுக்கும் தொந்தரவு இல்ல, இதவிட என்ன வேணும்னு நெனச்சேன். மே மாசம் பகல் பூரா வெயில வாங்கின ஷீட்டு ராத்திரி எட்டு மணிக்கும் அனல் விட்டுட்டு இருக்கு. பெட்டியோட புத்தகத்துல 35 டிகிரிக்கு மேல ஓட்டாதியன்னு போட்டிருக்கு. ரெண்டாவது நாளே பாதி படத்துல ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி இரைஞ்சு, ஒரு மஞ்ச எழுத்து வந்து, தானா அணைஞ்சு போயிட்டு.

சரி ஜூன் வந்தா மழை வரும், குளிரும்னு பொறுத்தோம். மழை வந்தது. நம்ம ஊரு மழைக்கு ஷீட்டு அடில உக்காந்து பாத்திருக்கியளா, பக்கத்துல இருக்கறவன் பேசறது கேக்காது, பொறவு ஸ்பீக்கர் எங்க கேக்கும். 2024 ஜூன் 29, டி20 வேர்ல்டு கப் ஃபைனல், எங்க வீட்டு ஆளு போக பக்கத்துல உள்ள பிள்ளைய எல்லாம் மாடிலதான், நான் ரெண்டு பொட்டணம் ஏத்தங்கா சிப்ஸ் வேற வாங்கி வச்சிருக்கேன். கடைசி ஓவர், சவுத் ஆப்பிரிக்காவுக்கு 16 ரன் வேணும், பாண்டியா பந்து, ஷீட்டு மேல மழை செண்ட மேளம் அடிக்கி, கமெண்டரி ஒரு சொல் கேக்கல. மில்லர் மட்டைய தூக்கறதுக்கு முந்தியே எதுத்த வீட்ல கத்திட்டாவ. அவங்க கேபிள்ல பாக்குதாவ, நாங்க நெட்ல, நமக்கு அர நிமிசம் கழிச்சுத்தான் வரும். சூர்யகுமார் பவுண்டரி கிட்ட நின்னு தாவி புடிச்ச அந்த கேட்ச, அது கேட்ச்னு நல்லா தெரிஞ்ச பொறவு பாத்தோம். அது புரொஜெக்டர் குத்தம் இல்ல, ஆனா லைவ் மேட்ச்சுக்காக வாங்குறியன்னா இதயும் யோசிச்சுக்கிடுங்க.

ஆக மாடி வேண்டாம்னு கீழ பின் ரூமுக்கு எறக்கினோம். 14 அடிக்கு 11 அடி, ஒரே ஒரு ஜன்னல், அதுல கனமான கர்ட்டன் போட்டா பகல்லயும் இருட்டு.

ஸ்கிரீன் கதைய கேளுங்க. மொதல்ல மாமாவோட எட்டு முழ வேட்டி. சிரிக்காதிய, வேட்டி அகலம் கிட்டத்தட்ட 50 இஞ்ச், 100 இஞ்ச் படத்தோட உசரம் 49 இஞ்ச், தச்சு வச்ச மாதிரி இருந்தது. கொடில காயப்போட்ட துணிலயா படம் பாக்குறதுன்னு மாமி மொகத்த சுளிச்சாவ, ஆனா மாமாவுக்கு ரொம்ப சந்தோசம். அவிய சின்ன வயசுல ஊரு திருவிழாவுக்கு மைதானத்துல வேட்டி மாதிரி வெள்ளத்துணி கட்டி பதினாறு எம்.எம் மெசின்ல படம் ஓட்டுவாவளாம், முன்னாடி எடம் கெடைக்காதவங்க துணிக்கு பின்னாடி போயி உக்காந்து பாப்பாவளாம், எழுத்து மட்டும் எடம் வலம் மாறி வருமாம், வாசிக்க தெரியாதவங்களுக்கு அதுல ஒரு நட்டமும் இல்லன்னு சொல்லி சிரிச்சாவ. அதே சங்கதிதான் இங்கயும், துணி வழியா பாதி வெளிச்சம் அந்தப் பக்கம் போயிருது, 400ல பாதி போனா பொறவு என்ன மிச்சம். பிள்ளைய ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உக்காந்து சண்ட போட்டதுதான் மிச்சம்.

பொறவு 2,200 ரூவா குடுத்து சுருட்டற ஸ்கிரீன் ஒண்ணு வாங்கினேன். தண்டம். நம்ம ஊரு ஈரக்காத்துக்கு ஒரு மாசத்துல ரெண்டு ஓரமும் அப்பளம் மாதிரி சுருண்டுட்டு, நடுவுல ஒரு அலை, ஹீரோ நடந்து வந்தா அந்த எடத்துல வளைஞ்சு வளைஞ்சு வருவாரு. கடைசில செவரையே ஸ்கிரீன் ஆக்கினோம், இதத்தான் மொதல்லயே செஞ்சிருக்கணும். பெயிண்டர் அண்ணன கூப்பிட்டு அந்த செவத்துல மட்டும் பட்டி போட்டு, உப்புத்தாள் வச்சு கையால தடவினா ஒண்ணும் தட்டாத அளவுக்கு தேச்சு, மேட் ஃபினிஷ் வெள்ளை எமல்சன் ரெண்டு கோட்டு. படம் விழற எடம் 30 சதுர அடிதான், ஒரு லிட்டர் டப்பா மிச்சம் வந்தது. பளபளன்னு இருக்கற பெயிண்டு அடிச்சிராதிய, நடுவுல லைட்டு ஒரு வட்டமா பளிச்சுன்னு தெரியும், அது கண்ண உறுத்தும். சுத்தி மூணு இஞ்சுக்கு கருப்பு பார்டர் அடிச்சோம், அண்ணன் இது எதுக்கு தங்கச்சி, செவத்துக்கு இரங்கல் போஸ்டர் மாதிரில்லா இருக்குன்னு கேட்டாரு, ஆனா அந்த பார்டர் வந்த பொறவுதான் படம் படம் மாதிரி ஆச்சு.

இனி மாட்டின கதை. இதுலதான் நான் ரொம்ப பட்டேன், இத எழுதத்தான் மெயினா ஆரம்பிச்சதே.

நாகர்கோவில்ல ஒரு கடைல இன்ஸ்டாலேசன் செஞ்சு தருவோம்னு சொன்னாவ, மவுண்டு 900, கூலி 1,500. ஒரு பையன் வந்தான். நல்ல பையன்தான், வேலையும் வேகம், அர மணிக்கூருல சீலிங்ல ஓட்ட போட்டு மாட்டிட்டான். ஃபேனுக்கு எடஞ்சல்னு சொல்லி செவரு நடுவுக்கு ஒரு அடி தள்ளி, சீலிங்க ஒட்டி பத்தடி உசரத்துல. அங்க இருந்து படத்த செவத்துல விழ வைக்கணும்னா பெட்டிய குனிய வைக்கணும், கூட கொஞ்சம் சைடுக்கும் திருப்பணும். அப்படி திருப்பினா படம் மேல ஒடுங்கி கீழ விரிஞ்சு, ஒரு பக்கம் குட்ட ஒரு பக்கம் நெட்டன்னு, நுங்கு வெட்டின மாதிரி கோணலா வரும். அதுக்கு அவன் ஆட்டோ கீஸ்டோன் பட்டன ஒரு அமுக்கு அமுக்கினான், படம் டக்குனு சதுரம் ஆயிட்டு. பாத்தியளாக்கா, மேஜிக்குன்னான். எனக்கும் அப்ப ஆச்சரியமாத்தான் இருந்தது, கூட நூறு ரூவா சாயா குடிக்க குடுத்து விட்டேன்.

ராத்திரி படம் போட்டா எழுத்து எல்லாம் ஈரக்கையால தொட்ட மை மாதிரி இருக்கு. படத்த சுத்தி மங்கலா ஒரு கோணல் கட்டம் வேற தெரியுது. டேப்பு புடிச்சு அளந்தா படம் 82 இஞ்ச்தான். என்ன விசயம்னா, கீஸ்டோன் லென்ச ஒண்ணும் செய்யாது, பேனல்ல இருக்கற புள்ளியள்ல கொஞ்சத்த அணைச்சிட்டு மிச்சம் உள்ளதுல படத்த கோணலா கசக்கி போடுது, அந்த கோணலும் இந்த கோணலும் சேந்து நமக்கு நேரா தெரியும். 1920 புள்ளிக்கு பைசா குடுத்துட்டு அதுல எவ்வளவோ புள்ளிய நாமளே வெளிய போட்டுருதோம். அணைஞ்ச புள்ளி முழுசா அணையவும் செய்யாது, எல்.சி.டி பேனல்லா, கொஞ்சம் வெளிச்சம் கசியும், அதாக்கும் அந்த மங்கல் கட்டம். கூட ஃபேன மூணுல வச்சா சீலிங் அதிர்ற அதிர்ச்சி மவுண்டு வழியா பெட்டிக்கு போயி படம் நடுங்குது, பெட்டில ஒரு நூல் அசைஞ்சா செவத்துல அது எவ்வளவோ மடங்கு ஆகும். ஃபேன நிறுத்தினா மாமி நம்மள நிறுத்திருவாவ.

கடைக்கு போன் போட்டேன். அக்கா எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் போட்டு குடுக்கோம், ஒருத்தரும் கம்ப்ளைன்ட் சொல்லலன்னாவ. திரும்பி வந்து மாத்தணும்னா இன்னொரு 1,500ஆம்.

அதுக்கு பொறவு அத்தான் வீடியோ கால்ல, நான் டேப்பும் பென்சிலுமா, ஒரு ஞாயிற்றுக்கெழம பூரா கெடந்து செஞ்சேன். கணக்கு ஒண்ணும் பெரிசு இல்ல. பெட்டி புத்தகத்துல த்ரோ ரேசியோன்னு ஒரு நம்பர் இருக்கும், நம்மளோடது 1.25. படத்தோட அகலத்த அதால பெருக்கினா லென்சுக்கும் செவத்துக்கும் எவ்வளவு தூரம்னு வந்துரும். 100 இஞ்சுக்கு அகலம் ஏழே கால் அடி, பெருக்கினா ஒம்பது அடி ஒரு இஞ்ச். ரூம் 11 அடி, அப்ப பின் செவத்துல இருந்து ரெண்டடி முன்னால லென்சு வரணும். உசரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இந்த மாதிரி பெட்டிய மேசைல வச்சா படத்தோட அடி விளிம்பு லென்சு மட்டத்துல வரும், தல கீழா தொங்க விட்டா மேல் விளிம்பு லென்சு மட்டத்துல வரும். உங்க பெட்டிக்கு இது மாறலாம், மேசைல வச்சு ஒருக்க போட்டு பாத்தா தெரிஞ்சிரும். எங்க படத்தோட மேல் விளிம்பு தரைல இருந்து ஆறடி ஏழு இஞ்ச், அப்ப லென்சும் அங்கனதான் இருக்கணும், சீலிங்ல இல்ல.

வெல்டிங் கடைல ரெண்டு எல் ஆங்கிள் ரெண்டடிக்கு வெட்டி, செவத்துல முடுக்க பட்டை வச்சு அடிச்சு வாங்கினேன், பெயிண்டோட 650 ரூவா. பின் செவத்துல, படத்துக்கு நேர் நடுவுல, அத முடுக்கி, பெட்டிய தல கீழா தொங்க விட்டு, மெனுல ஃப்ரண்ட் சீலிங்னு மாத்தி படத்த நிமித்தினேன். ஆட்டோ கீஸ்டோன ஆஃப் பண்ணி பூச்சியத்துல வச்சேன். நாலு மூலையும் பார்டருக்குள்ள தானா போயி உக்காந்தது பாருங்க, எனக்கு கண்ணு நெறஞ்சுட்டு. எழுத்து ஊசி மாதிரி நிக்குது. ஃபேன் அஞ்சுல ஓடினாலும் அசைய மாட்டேங்கு, ஏன்னா இப்ப அது செவத்துல இருக்கு. பெட்டிய நகத்தணும், படத்த இழுக்கக்கூடாது, பெட்டி அசைக்க முடியாத எடத்துல இருக்குன்னா ஸ்டூல மாத்துங்க, ஆணிய மாத்துங்க, கட்டில மாத்துங்க, ரிமோட்ட மட்டும் எடுக்காதிய. சோபா அந்த பிராக்கெட்டுக்கு அடில கெடக்கு, கண்ணுல இருந்து படத்துக்கு பத்து அடி, 100 இஞ்சுக்கு அது சொகமான தூரம்.

ஆட்டோ ஃபோக்கசயும் ரொம்ப நம்பாண்டாம். போட்ட ஒடனே ஃபோக்கஸ் வச்சா கால் மணிக்கூருல சூடாகி லேசா கலையும், அதனால டைட்டில் ஓடி முடிஞ்ச பொறவு ஒருக்க கையால திருத்துதேன். பிள்ளைய இருக்கற வீட்ல ஒண்ணு சொல்லி வைங்க, எரியும்போ லென்சுக்குள்ள எட்டிப் பாக்கக்கூடாது.

உள்ள இருக்கற ஆண்ட்ராய்டு வேஸ்டு. நெட்ஃப்ளிக்ஸ் அதுல தெறக்கும், ஆனா அந்த மாதிரி பெட்டியளுக்கு சர்டிஃபிகேட் இல்லாததால 480 குவாலிட்டிதான் குடுக்கான், 100 இஞ்சுல 480 பாக்கறதுக்கு வேட்டியே மேல். தனியா ஒரு ஃபயர் ஸ்டிக் வாங்கி சொருகினோம், அதோட அந்த பிரச்சன தீந்தது. ஆனா ஸ்டிக்குக்கு கரண்ட புரொஜெக்டரோட யூ.எஸ்.பில இருந்து குடுக்காதிய, பத்தாது, பாதில அணைஞ்சு அணைஞ்சு எரியும், நான் ஒரு வாரம் ஸ்டிக்க மாத்தி தாங்கன்னு சண்ட போட்டுட்டு பொறவுதான் கூட வந்த அடாப்டர் ஸ்டிக்கோட அட்டப்பெட்டிக்குள்ளயே கெடக்கறத பாத்தேன்.

சவுண்டுக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர் வச்சா வாய் அசைஞ்சு கால் செகண்டு கழிச்சு சத்தம் வரும், சண்டக்காட்சில அடி விழுந்து ஆளு கீழ கெடக்கும்போ டமால்னு கேக்கும். பழைய 2.1 ஸ்பீக்கர் அலமாரில கெடந்தத எடுத்து ஆடியோ வயர் போட்டு மாட்டினோம், நல்லா கொள்ளாம். பெட்டியோட சொந்த ஸ்பீக்கர் பாத்ரூம்ல பாட்டு படிக்கற மாதிரி.

கரண்ட் செலவ பத்தி மாமா தெனம் கேப்பாவ. பெட்டில 120 வாட்டுனு போட்டிருக்கு, ரெண்டரை மணிக்கூர் படத்துக்கு 0.3 யூனிட்டு, மூணு படம் பாத்தாலும் ஒரு யூனிட்டு முழுசா வராதுன்னு பேப்பர்ல போட்டு காட்டின பொறவுதான் அடங்கினாவ. கரண்டு போனா இன்வெர்ட்டர் எடுத்துக்கிடும், ஆனா அந்த கண்ண மூடி தெறக்கற நேரத்துல பெட்டி அணைஞ்சு திரும்ப எந்திரிச்சு வர ஒரு நிமிசம் ஆகும். எல்.இ.டிங்கறதால அதுக்கு வேற கேடு இல்ல. கொழுந்தன் சவுதி தம்மாம்ல இருந்து பழைய டி.எல்.பி புரொஜெக்டர் (எல்.சி.டிக்கு பதிலா சில்லுல உள்ள குட்டி கண்ணாடியளால படம் காட்டற வகை) ஒண்ணு கொண்டு வந்திருக்கான், அது லாம்பு வச்சது, படம் முடிஞ்சாலும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி லாம்ப ஆற வச்சிட்டுதான் நிக்கணும், சூட்டோட கரண்டு போனா லாம்பு ஆயுசு கொறையும். வெளிச்சம் என்னவோ நம்மளோடத விட எவ்வளவோ மேல, கருப்பும் நல்லா கருப்பு. ஆனா ஒத்த சில்லு டி.எல்.பில கலர் சக்கரம் ஒண்ணு சுத்தி சேப்பு பச்ச நீலம்னு ஒவ்வொண்ணா அடிக்கறதால கண்ண டக்குனு திருப்பினா சில பேருக்கு வானவில் தெரியும். எனக்கு தெரியுது, மாமிக்கு தெரியல, அவனுக்கு நான் பொய் சொல்லுதேன்னு நெனப்பு. செகண்ட்ஹாண்டு வாங்குனா மெனுல லாம்பு எத்தன மணிக்கூர் ஓடியிருக்குன்னு பாத்துட்டு வாங்குங்க.

இடி. ஏப்ரல் மே மாசமும், ஐப்பசி கார்த்திகையும் சாயங்காலம் நம்ம பக்கத்துல வெட்டற இடி உங்களுக்கு தெரியும். வானம் கறுத்ததும் பெட்டி, ஸ்டிக், ஸ்பீக்கர், மோடம் எல்லாத்தோட பிளக்கயும் புடுங்கிருதேன், சுவிட்ச ஆஃப் பண்ணினா போதும்னு நெனக்காதிய, மின்னலுக்கு சுவிட்சு இடைவெளி எல்லாம் ஒரு தூரமா. ஃபைபர் லைன்தான, அதுல கரண்டு வராதேன்னு ஒருத்தர் சொன்னாரு, செரி, ஆனா மோடத்துக்கு கரண்டு வயர் போகுதுல்லா. எங்க எதுத்த வீட்ல டிவி அப்படித்தான் போச்சு.

மழை பெஞ்சு விட்ட ராத்திரி ஈசல் வரும் பாருங்க, இருட்டு ரூம்ல ஒரே ஒரு வெளிச்சம் இந்த லென்சுதான், மொத்த கூட்டமும் அங்க. செவத்துல ஒவ்வொரு ஈசலும் பருந்து அளவுக்கு பறக்கும். ஈசல் வந்தா பல்லி வரும், ஹீரோயின் நெத்தில பல்லி ஓடி போயி ஈசல கவ்வும், பிள்ளையளுக்கு படத்த விட அது புடிச்சிருக்கு. சிரிப்பா சொல்லுதேன், ஆனா காத்து இழுக்கற பக்கம் எறகு போயி அடைச்சா சூடு ஏறும், ஜன்னலுக்கு கொசு வலை அடிச்ச பொறவுதான் நிம்மதி. பாக்காத நாள்ல துணி பை போட்டு மூடி, உள்ள ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டணம் போட்டு வைக்குதேன். கொளச்சல், முட்டம் பக்கம் கடலுக்கு கிட்ட இருக்கறவங்க இத கண்டிப்பா செய்யுங்க, உப்புக்காத்து கிரில்லையே தின்னுது, சர்க்கியூட்ட விடுமா.

மொத்தம் போட்டு பாத்தேன். பெட்டி, ஸ்டிக், மவுண்டு, தண்டமா போன ஸ்கிரீனு, பெயிண்டு கூலி, அந்த பையன் கூலி, வெல்டிங் எல்லாம் சேத்து 30,000த்த தொட்டுட்டு. இந்த பைசாவுக்கு நல்ல 43 இஞ்ச் டிவி வரும், சீரியலும் நியூசும் பகல்ல பாக்கறவங்களுக்கு அதுதான் செரி, மாமியோட சீரியலுக்கு எங்க வீட்லயும் முன் ரூம்ல பழைய டிவிதான் ஓடுது. சனிக்கெழம ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு, லைட்ட அணைச்சிட்டு ஒரு படம்னா அதுக்கு இது. 2025 செப்டம்பர் 22ல இருந்து புரொஜெக்டருக்கு ஜி.எஸ்.டி 28ல இருந்து 18 ஆக்கிட்டாவ, அதனால நான் குடுத்த வெலைய வச்சு பேரம் பேசாதிய, இப்ப கொறைஞ்சிருக்கணும். பெட்டிக்கு அஞ்சுக்கு மூணு குடுக்கேன், இன்ஸ்டாலேசன் கடைக்கு ஒண்ணு, அதும் அந்த பையன் பேசின விதத்துக்கு. வெல்டிங் கடைக்கு அஞ்சு.

இப்ப உள்ள பிரச்சன ஒண்ணு. ரெண்டு மாசமா படத்துல வலது பக்கம் கீழ ஒரு மங்கலான கருப்பு பொட்டு. லென்ச தொடச்சேன், போகல, பேனலுக்கு மேல தூசு போயி இருந்திருக்கு, இந்த வெலைல உள்ள பெட்டியள்ல காத்து பேனல தொட்டுட்டுதான் வெளிய போகும், சீல் எல்லாம் கெடையாது. சர்வீசுக்கு கேட்டா சென்னைக்கு கொரியர் போடுங்க, வாரண்டி ஒரு வருசம்தான், அதனால சார்ஜு உண்டு, எவ்வளவுன்னு பாத்துட்டுதான் சொல்லுவோம்னாவ. போன வாரம் ஒரு பழைய படம் போட்டிருந்தோம், மாமி பாதி படம் பாத்துட்டு என்கிட்ட, ஏன் மக்ளே, இந்த படத்துல எல்லாருக்கும் ஒரே எடத்துல மச்சம் வச்சிருக்காவ, கதைல அண்ணன் தம்பியான்னு கேட்டாவ. மழை விடட்டும்னு காத்துட்டு இருக்கேன், ஸ்குரூ டிரைவர் செட்டு வாங்கி வச்சாச்சு.